எண்பதாயிரம் கலம் நெல்

மூக்குத்தியின் திருகாணி கழன்று விழுந்துவிட்டால் வீடு என்ன பாடுபடும் என்பதைப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடுகளவு தங்கம்தான். ஆனாலும், "யாரும் காலை எடுத்து வைக்காதீர்கள்!" என்று அந்த நிமிஷமே உத்தரவு பிறந்துவிடும். குழந்தைகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பட்டப்பகலிலேயே விளக்கைப் போட்டு, ஜமக்காளத்தை உதறி, மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை முறத்தில் வாரிப் புடைத்துப் பார்ப்பார்கள். "போனால் போகிறது, வேறு வாங்கிக்கொள்ளலாமே!" என்று சொல்லும் ஆண்பிள்ளைக்கு அன்றைக்கு நல்ல பதில் கிடைக்காது. திருகாணி அகப்பட்டுவிட்டதோ, அடுத்த வீட்டு மாமிக்குக்கூட அந்தச் சந்தோஷத்தில் பங்கு உண்டு.

ஏறக்குறைய இதே காட்சியை ஏசுநாதர் ஒரு கதையாகச் சொல்லியிருக்கிறார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் 15-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஒருத்தியிடம் பத்து வெள்ளிக்காசுகள் இருந்தன. ஒன்று தொலைந்தது. அவள் விளக்கேற்றினாள், வீட்டைப் பெருக்கினாள், கிடைக்கும்வரை தேடினாள். கிடைத்ததும் அண்டை அயலாரைக் கூப்பிட்டுச் சொல்லி மகிழ்ந்தாள். கடவுள் எப்படிப்பட்டவர் என்று விளக்குவதற்காகச் சொன்ன கதை இது. எத்தனையோ மகுடங்களும் சிம்மாசனங்களும் இருக்க, விளக்குமாறும் கையுமாகக் குனிந்து தேடுகிற ஒரு குடும்பப் பெண்ணையல்லவா அவர் கடவுளுக்கு உவமையாக எடுத்துக்கொண்டார்!

அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு கதைகள் உண்டு. நூறு ஆடுகளில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டு அதைத் தேடிப் போன மேய்ப்பனின் கதை ஒன்று. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு ஊதாரியாகப் போன மகனின் கதை மற்றொன்று. ஆடு தெரியாமல் வழி தவறிப் போனது. மகனோ தெரிந்தே போனான். காசுக்குத் தான் தொலைந்தது கூடத் தெரியாது. ஆட்டைப்போலக் கத்தி அழைக்கவும் அதனால் முடியாது. மகனைப்போல எழுந்து திரும்பி வரவும் முடியாது. மூன்று விதமாகவும் தொலைந்து போகிறவர்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். மூன்று கதைகளிலும் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். "இது யார் குற்றம்?" என்ற விசாரணை எதிலும் முதலில் வரவில்லை. தேடலும் காத்திருத்தலும்தான் முதலில் வருகின்றன.

இந்தக் கதைகளை அவர் சொல்லக் காரணம் இருந்தது. வரி வசூலிப்பவர்கள், ஊரார் ஒதுக்கி வைத்தவர்கள் ஆகியோருடன் உட்கார்ந்து அவர் சாப்பிட்டார். ஆசாரமுள்ள பெரிய மனிதர்கள் அதைப் பார்த்து முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்புக்குப் பதிலாகப் பிறந்தவையே இந்தக் கதைகள்.

துன்பப்பட்ட ஜனங்களைக் கண்டபோது ஏசுநாதர் அடைந்த நிலையைத் தமிழ் வேதாகமம் 'மனதுருகி' என்று சொல்கிறது. அழகான வார்த்தைதான். ஆனால் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு வேர் 'குடல்' என்பதாகும். பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியிலோ, இரக்கத்தைக் குறிக்கும் சொல்லும் கருப்பையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இதை நமக்கு எந்தப் பண்டிதரும் வந்து விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வர அரை மணி நேரம் தாமதமானால், "பெற்ற வயிறு பதறுகிறதே!" என்று தஞ்சாவூர்ப் பெண்கள் சொல்வதில்லையா? இரக்கம் தலையில் பிறக்கும் யோசனை என்று அவர்கள் நினைக்கவில்லை. அது வயிற்றைப் பிடித்து இழுக்கிற ஒன்று.

சரி, வயிறு பதறிவிட்டது, அதன் பிறகு? பதறிய வயிறு கைகால்களை அசைக்காவிட்டால் பசித்தவனுக்கு அதனால் என்ன லாபம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ளேயே ஒரு கதை நடந்திருக்கிறது.

கிறிஸ்தியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ் என்பவர் 1726-ல் பிரஷ்யா தேசத்தில் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பிறகு திருச்சிராப்பள்ளியில் பல வருஷம் இருந்தார். 1778-ல் தஞ்சாவூருக்கே வந்து குடியேறினார். 1798-ல் இறக்கும் வரையில் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்தக் காலத்தில் மிஷனரிகளை ஜனங்கள் 'ஐயர்' என்று அழைப்பது வழக்கம். ஆகவே அவர் ஸ்வார்ட்ஸ் ஐயர் ஆனார். தமிழும், மராத்தியும், பாரசீகமும், இந்துஸ்தானியும் பேசுவார். திருச்சியில் அவர் இருந்த அறை ஒரு கட்டிலைப் போட்டால் நிரம்பிவிடும். சோறும் காய்கறியும் சாப்பாடு. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி உடுப்பு. பெரிய பதவிகள் அவரைத் தேடி வந்த காலத்திலும் இந்த எளிமை மாறவில்லை.

1779-ல் சென்னைக் கும்பெனியார் அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரை மரியாதையாக நடத்தி, வழிச் செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைக் கொண்டுபோய்க் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார். "நீரே வைத்துக்கொள்ளும்" என்று அவர்கள் திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாக்கினார். சமாதானம் நிலைக்கவில்லை. அடுத்த வருஷமே யுத்தம் வந்துவிட்டது. ஆனால் யுத்தத்தின் நடுவிலும், அந்தப் பாதிரியாரை யாரும் தடுக்கக் கூடாது என்று தம் படைகளுக்கு ஹைதர் உத்தரவிட்டிருந்தார். இரண்டு பக்கத்துக்கும் நம்பிக்கையான மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் அவர் இவர்தான்.

1781-ல் தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் ஹைதரின் குதிரைப்படை புகுந்தது. ஊர்கள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. சோற்றுக்குப் பேர்போன காவேரிக் கரையில் ஜனங்கள் சோற்றுக்கு அலைந்தார்கள். கோட்டைக்குள் படைவீரர்களும், அடைக்கலம் தேடி வந்த ஜனங்களும் நிரம்பியிருந்தார்கள். களஞ்சியமோ காலி. தெருக்களில் பசியால் செத்து விழுந்தவர்களைப் பார்த்தபடிதான் ஐயர் நடக்க வேண்டியிருந்தது.

இதில் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. நாட்டுப்புறத்தில் நெல் அடியோடு இல்லாமல் போகவில்லை. அதை ஏற்றிவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் கொண்டுவர முன்வரவில்லை. ஏன்? முன்னே பல தடவை அவர்களிடம் தானியத்தை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜாவின் உத்தரவுக்கும் மதிப்பில்லை. கும்பெனியின் வார்த்தைக்கும் மதிப்பில்லை. அந்தக் கோட்டைக்குள் நெல்லைக் காட்டிலும் பெரிய பஞ்சம் நம்பிக்கைக்குத்தான். ராஜா துளஜாவே கடைசியில் சொன்னார்: நம்மையெல்லாம் ஜனங்கள் நம்ப மாட்டார்கள், ஒருவேளை ஸ்வார்ட்ஸ் ஐயரை நம்பக்கூடும் என்று.

ஐயர் நாலா பக்கமும் கடிதம் அனுப்பினார். தம் கையாலேயே ஒவ்வொருவருக்கும் கூலியும் விலையும் கொடுப்பதாக வாக்களித்தார். வழியில் எதிரி மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த மாட்டுக்கும் தாமே கிரயம் தருவதாக எழுதினார். ஓரிரண்டு நாட்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன! அவருடைய உபதேசியார் ஒருவரும் மற்றத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். சொற்ப நாளில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை என்பது பிற்காலத் தஞ்சை ஜில்லாக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 40,000 மூட்டை! கோட்டை பிழைத்தது. ஐயர் எல்லோருக்கும் தம் கையால் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அப்போது தம்மிடம் இருந்த பிறர் பணத்தைக்கூட எடுத்துக் கொடுக்க நேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் சிறு வெகுமதியும் தந்து வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்த வருஷம், 1782 பிப்ரவரியில், கும்பகோணத்துக்கு அருகே அண்ணாகுடியில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை முழுவதையும் திப்பு சிறைபிடித்தார். தஞ்சாவூருக்கு மறுபடியும் அதே பசி. அறுவடை நெருங்கும் வேளை பார்த்துத்தான் எதிரி வருவது வழக்கமாயிற்று. மறுபடியும் ஐயரிடமே வந்தார்கள். மறுபடியும் அவர் எழுதினார். மறுபடியும் மாடுகள் வந்தன. இந்தத் தடவை அபாயம் இன்னும் அதிகம், எதிரி அவ்வளவு கிட்டத்தில் இருந்தான். வழிகாட்டப் போன கிறிஸ்தவர்கள் அழுதுகொண்டே போனார்களாம். அழுதார்கள், ஆனாலும் போனார்கள். தைரியசாலிகள் என்று யாரைச் சொல்வது என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடைக்குமா?

எல்லாம் முடிந்தபின், தம்முடைய ஆட்கள் எவராவது அந்தக் கிராமத்து ஜனங்களிடம் ஏதாவது வாங்கிக்கொண்டார்களா என்று ஐயர் கண்டிப்பாக விசாரித்தார். "இல்லை, இல்லை! எங்களுக்குச் சரியாகப் பணம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் உபதேசியாருக்கு ஒரு சாதாரணத் துணியை நாங்களாகவே கொடுத்தோம். அவர் தொடமாட்டேன் என்றுவிட்டார்" என்று ஜனங்கள் சொன்னார்கள். பசி தலைவிரித்தாடிய அந்த நாளில் ஒரு துணியை வேண்டாம் என்று சொன்ன அந்த உபதேசியாருக்குச் சிலை கிடையாது, சலவைக்கல்லும் கிடையாது. ஆனால் ஸ்வார்ட்ஸ் ஐயரின் வார்த்தையைக் காப்பாற்றியவர் அவர்தான். அவர் அன்றைக்கு அந்தத் துணியை வாங்கியிருந்தால், மூன்றாவது கடிதத்துக்கு மாடு வந்திருக்குமா?

நம் வீட்டுப் பெரியவர்கள் எதற்கு வேண்டுமானாலும் சம்மதிப்பார்கள். "ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதே" என்பார்கள். அனுபவத்தில் சொல்வது, தவறும் இல்லை. இன்னொருவனுடைய கடனுக்குப் பிணை நிற்பவன், அவன் ஓடிவிட்டால் தன் வீட்டை இழக்கிறான். ஆனால் கிறிஸ்தவ சமயத்தின் மையத்திலே இருப்பது இந்தப் பிணைதான். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் ஏசுநாதருக்குப் 'பிணையாளி' என்றே ஒரு பெயர் உண்டு. மனிதர்கள் கொடுக்க முடியாத கடனுக்குத் தம்மையே ஈடாக வைத்தவர் என்பது கருத்து. பரிதாபப்படுகிறவன் கரையில் நின்றுகொண்டு, "ஐயோ பாவம்!" என்கிறான். பிணை நிற்கிறவனோ, "இந்த மாடு போனால் என் பணம் போகட்டும்" என்று எழுதிக் கொடுக்கிறான். பதறிய வயிறு கைகால்களை அசைப்பது என்றால் இதுதான்.

தொலைந்த ஆட்டின் கதையும் தஞ்சாவூரில் நடந்தது. யுத்தம் ஓய்ந்தும் ஜனங்களின் கஷ்டம் ஓயவில்லை. அரண்மனை அதிகாரிகள் குடிகளைப் பிழிந்து வரி வாங்கினார்கள். விளைச்சலில் பெரும்பகுதியும் போய்விட்டால் ஏன் உழ வேண்டும்? சுமார் 65,000 பேர் ஊரையும் வயலையும் விட்டு வெளியேறினார்கள் என்று ஐயர் எழுதியிருக்கிறார். வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாய்க்கால்களில் தண்ணீர் ஓடியும் நாற்றுவிட ஆள் இல்லை. 'திரும்பி வாருங்கள்' என்று ராஜா சொன்னார், ஒருவரும் அசையவில்லை. கடைசியில், இனி அநியாயம் நடக்காது என்று ஐயரே வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள்! மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

நஞ்சை நிலத்துப் பெண்களுக்குக் காலத்தின் அருமை தெரியும். ஆனி, ஆடியில் தொடங்க வேண்டிய வேலை அந்த வருஷம் புரட்டாசி நெருங்கும்போதுதான் தொடங்கிற்று. "பருவம் போய்விட்டதே!" என்று ஐயர் கவலைப்பட்டார். அவர்கள் சொன்ன பதிலின் சாரம் இது: எங்களிடம் நீங்கள் தயவு காட்டினீர்கள், அதற்காக இராப்பகலாகப் பாடுபட்டுக் காட்டுகிறோம். சொன்னபடியே பாடுபட்டார்கள். அந்த வருஷ மகசூல் முந்திய வருஷத்தைக் காட்டிலும் மேலாக இருந்தது. சவுக்கால் விளையாத நெல், ஒரு நல்ல வார்த்தையால் விளைந்தது. திரும்பி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லர். "என் சமயத்துக்கு வந்தால்தான் பிணை" என்று ஐயர் சொல்லவும் இல்லை.

இவ்வளவு சொன்னதால் ஸ்வார்ட்ஸ் ஐயரைக் குறையே இல்லாதவராக்கி மாடத்தில் வைத்துவிட வேண்டியதில்லை. அவர் காலத்துத் தஞ்சாவூர்ச் சபையில் ஜாதிக்கொரு பக்கமாகத்தான் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். நாளடைவில் அது தானாகக் கரையும் என்று அவர் நம்பினார். கரையவில்லை. 1833-ல் பிஷப் வில்சன், சபைக்குள் ஜாதி கூடாது என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூரில் பெரிய கலகமே உண்டாயிற்று. கோட்டைக்கு வந்த 80,000 கலம் நெல்லிலும், சேற்றில் இறங்கி நட்டு அறுத்த கைகள் பெரும்பாலும் யாருடையவை? கோயிலில் கடைசியில் உட்கார வைக்கப்பட்டவர்களுடையவை, அவர்களுடைய பெண்களுடையவை. கடவுளின் இரக்கம் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறது என்று பிரசங்கம் செய்வது சுலபம். பாயை விரித்து உட்கார வைப்பது கஷ்டம்.

ஒரு பெண்ணின் கதையிலும் இது தெரிகிறது. அவள் தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமணப் பெண். இளம் வயதில் விதவையானவள். உடன்கட்டை ஏறும் ஆபத்திலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அவளைக் காப்பாற்றினார் என்று பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. அவருடன் அவள் வாழ்ந்தாள். கிறிஸ்தவ சமயத்தை அவரிடமே தெரிந்துகொண்டாள். ஞானஸ்நானம் வேண்டுமென்று ஐயரிடம் கேட்டாள். விவாகமாகாமல் சேர்ந்து வாழ்வதால் கொடுக்க முடியாது என்று ஐயர் மறுத்துவிட்டார். பிறந்த வீடு கதவைச் சாத்திற்று; புகுந்த வீடு சாத்திற்று; இப்போது கோயிலும் சாத்திற்று!

அதிகாரியுடன் அவள் தெற்கே பாளையங்கோட்டைக்குப் போனாள். அவர் இறந்துவிட்டார். 1778-ல் ஐயர் அந்த ஊருக்குப் போனபோது அவள் மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. கிளாரிந்தா என்ற பெயர் பெற்றாள். 1780-ல் பாளையங்கோட்டைச் சபையார் நாற்பது பேரின் ஜாபிதா எழுதப்பட்டபோது அதில் முதல் பெயர் அவளுடையது. 1785-ல் அவளுடைய முயற்சியால் எழுந்த ஆலயத்தை ஸ்வார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்று அழைத்தார்கள். அ. மாதவையா 1915-ல் அவளை நாயகியாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். சட்டம் பார்த்துச் சாத்திய கதவு ஒன்றின் வெளியே அவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள். நல்ல மனிதர்களின் இரக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கடவுளின் இரக்கத்துக்கு அது இல்லை என்று அவள் நம்பியதால்தான் அந்தக் காத்திருப்பு சாத்தியமாயிற்று.

இங்கே சில சகோதரிகள் என்னைக் கேட்கக்கூடும். "கருணையுள்ள கடவுள் தேடுகிறார், பிணை நிற்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் பஞ்சமே வராமல் தடுத்திருக்கலாமே?" நியாயமான கேள்வி. தஞ்சாவூரிலிருந்து கிழக்கே, காவேரியின் கிளைகள் கடலில் கலக்கும் நாகப்பட்டினக் கரையில் இந்தக் கேள்வி 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி கேட்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதாவைத் தரிசிக்க வந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் கூடியிருந்த வேளை. சுனாமி அலை வந்தது. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கையைப் பிடித்திருந்த குழந்தை கைநழுவிப் போன தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களிடம் போய் இரக்கத்தைப் பற்றி யார் விளக்கம் சொல்ல முடியும்?

சுவிசேஷமும் விளக்கம் சொல்லவில்லை. லாசரு என்ற சிநேகிதன் இறந்தபோது ஏசுநாதர் அவனுடைய சகோதரிகளிடம் போனார். "நீர் முன்பே வந்திருந்தால் எங்கள் சகோதரன் செத்திருக்க மாட்டானே!" என்ற அர்த்தத்தில் இருவருமே அவரைக் குறை சொன்னார்கள். அவர் அதற்காகக் கோபிக்கவில்லை; காரணங்களை அடுக்கவும் இல்லை. அவர்களோடு நின்று அழுதார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர், அதற்கு முன்னே அழுதார் என்பதுதான் அந்தக் கதையில் வியப்பான இடம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் தேவைப்படுவது பக்கத்தில் ஓர் ஆள்.

நாகப்பட்டினத்திலும் ஆட்கள் வந்தார்கள். கோயில், மசூதி, மாதா கோயில் என்று பார்க்காமல் கதவுகள் திறந்தன. அன்னியர்கள் அன்னியர்களின் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தார்கள். தாய் தகப்பனை இழந்த குழந்தைகளுக்காக அன்னை சத்யா அரசுக் குழந்தைகள் காப்பகம் நாகப்பட்டினத்தில் உண்டாயிற்று. பெற்றவர்கள் போனபின் அந்தக் குழந்தைகளுக்கு யாரோ சோறு ஊட்டினார்கள், தலை வாரிவிட்டார்கள், இராத்திரியில் கடல் சத்தம் கேட்டுப் பயந்தபோது பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். பிணை என்பது பணத்தில் மட்டுமா இருக்கிறது?

ஸ்வார்ட்ஸ் ஐயர் பிணை நின்றவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. துளஜா ராஜா 1787-ல் இறக்கும் தறுவாயில் பத்து வயதுகூட நிரம்பாத சரபோஜியைச் சுவீகாரம் எடுத்து, அவனைக் காக்கும்படி ஐயரைக் கேட்டுக்கொண்டார். பட்டத்துக்கு வந்த அமர்சிங் சிறுவனை அடைத்து வைத்தார். அவனுக்காக ஐயர் கும்பெனியாரிடம் விடாமல் வாதாடினார். 1793-ல் அவனுடன் சென்னைக்கே போனார். அவனுக்குப் படிப்புச் சொல்லிவைக்க ஏற்பாடு செய்தார். சரபோஜி பட்டத்துக்கு வந்தது 1798-ல். அதைக் காண ஐயருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த வருஷம் பிப்ரவரி 13-ஆம் தேதி அவர் கண்ணை மூடினார். சரபோஜி வரும்வரை அடக்கத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் வந்து உடலைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, பொன்னாடையால் போர்த்தினார்.

சரபோஜி கடைசிவரை தம் முன்னோரின் சமயத்திலேயே இருந்தார். ஆனாலும் ஐயரின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் தாமே செய்யுள் எழுதினார். லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்வித்து வரவழைத்தார். சிவகங்கைப் பூங்காவின் பக்கத்தில் உள்ள ஸ்வார்ட்ஸ் ஆலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். ஐயர் மரணப் படுக்கையில் இருக்கிறார். ராஜா அவர் கையைப் பிடித்திருக்கிறார். சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்கள் வந்து சாப்பிட்டார்கள். மராத்திய அரசர்களின் சத்திரங்களில் நோயாளிக்கு வைத்தியமும், கர்ப்பிணிக்குப் பிரசவ உதவியும், அனாதைக் குழந்தைக்குப் பராமரிப்பும் கிடைத்தன. அது அந்த வம்சத்தின் பழைய தர்மம். இரக்கத்துக்குச் சமயத்தின் வேலி கிடையாது என்பதை அந்தக் கைகளைச் செதுக்கிய கல்லும் சொல்கிறது. சத்திரத்து அடுப்பும் சொல்கிறது.

எண்பதாயிரம் கலம் நெல்லுக்குப் பிணை நிற்க நம்மை யாரும் அழைக்கப் போவதில்லை. ஆனால் காணாமற் போனவர்கள் இல்லாத வீடு எது? மூன்று நாளாக வேலைக்கு வராத அம்மாளைப் பற்றி, "வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பேசி முடித்திருப்போம். அவள் வீட்டில் என்ன கஷ்டமோ! எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஒரு தங்கையின் பெயரைப் பத்திரிகையில் போடாமல் விட்டிருப்போம். குடித்துக் கெட்டுப்போன தம்பிக்கு வேலை கொடுக்க எவனும் துணிய மாட்டான். "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல ஓர் அக்கா இருந்தால் ஒருவேளை துணியக்கூடும். அந்த வார்த்தையால் நஷ்டமும் வரலாம். ஐயருக்கும் அந்த அபாயம் இருந்தது. பிறர் பணத்தைக்கூட எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர்களில் யாராவது ஒருவர் இதைப் படிக்கும்போதே உங்கள் நினைவுக்கு வந்திருப்பார். அவர் தானாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொலைந்த காசு தானாக உருண்டு வந்ததில்லை. இன்று சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் புறப்பட்டுப் போய், அந்தக் கதவைத் தட்டுங்கள்.